நிறுத்தச் சொல்லாத நோயாளிகள்

நோய்களை எழுதுவதுதான் எனக்கு வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சொல்லிவிட்டு அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். முன்பு நர்ஸாக இருந்தேன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு செவிலியர் கல்லூரியில் பாடம் வடிவமைக்கிறேன். எங்களிடம் மருத்துவமனை வார்டு போலவே ஓர் அறை இருக்கிறது. கட்டில், ஆக்சிஜன் குழாய், மானிட்டர் எல்லாம் நிஜம், நோயாளி மட்டும் பொய். அந்தப் பொய் நோயாளிக்கு என்ன வியாதி, எப்போது மூச்சு வாங்க வேண்டும், மாணவி எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதித் தருவது நான். அறை வாசலில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை உண்டு. மாணவிகள் அதைப் பொம்மை ரூம் என்பார்கள்.

பொம்மை என்றால் சாதாரணப் பொம்மை இல்லை. கண் சிமிட்டும், மூச்சு விடும், மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும். பேச மட்டும் வராது. பக்கத்து அறையில் ஒருவர் மைக் வைத்துக்கொண்டு அதற்காகப் பேச வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆண் ஆசிரியர்கள் குறைவு என்பதால் மீசை வைத்த எங்கள் பொம்மைப் பெரியவர் பெரும்பாலும் பெண் குரலில்தான் முனகுவார். மாணவிகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் எங்கே பாடம்?

பொம்மையோடு கதைகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. அந்தக் கதைகளில் வரும் நோயாளிகள் அநியாயத்துக்கு ஒழுங்கானவர்கள். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மதியம் இரண்டு மணிக்கு என்பார்கள். பத்துக்கு எவ்வளவு என்றால் எட்டு என்பார்கள். நான் வார்டில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு மனிதரைச் சந்தித்ததில்லை. எங்கள் ஊர்க்காரரிடம் வலி எப்போதிலிருந்து என்று கேட்டால், "அதுங்க, சின்ன மச்சான் ஊட்டுச் சீருக்குப் போயிட்டு வந்தமல்லங்க, அன்னிக்கிருந்துங்க" என்பார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், "பத்துக்குங்களா? நீங்களே பாத்துப் போடுங்க" என்பார். கூட வந்த நாலு பேரும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எல்லாம் முடிந்தபின், "ஒண்ணுமில்லீங்க, வாயுவாத்தான் இருக்கும்" என்று எழுந்து போகப் பார்ப்பார்.

அதனால் நான் முதல்வரிடம் மல்லுக்கு நின்றேன். ஊசி போடவும் குழாய் சொருகவும் பொம்மை போதும், நோயாளி பேசுவதைக் கேட்கப் பழக மனிதர்கள் வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, மனுசங்களை எங்க புடிப்பீங்க?" என்று கேட்டார். கல்லூரிப் பேருந்து வருகிற வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் மதிய நேரம் சும்மா இருக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வியாதியை நான் எழுதித் தருவேன், அவர்கள் படித்துப் பழகி, மாணவி முன்னால் அந்த நோயாளியாகவே உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர்களில் ஒருவர் சூலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். வீட்டிலேயே விசைத்தறி ஓட்டியவர், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் எப்போதும் ஒரு படி உயரமாகத்தான் இருக்கும். எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தால் போதும், கட்டிலில் சுருண்டு படுத்து அவர் முனகுகிற முனகலுக்கு எனக்கே எழுந்து ஓடி மருந்து கொடுக்கத் தோன்றும்.

ஆனால் அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. மாணவி திணறினால் இவருக்குத் தாங்காது. சர்க்கரை வியாதி உண்டா என்று மாணவி கேட்க மறந்துவிட்டால், "ஏங் கண்ணு, சுகர் இருக்குதான்னு நீ கேக்கவே இல்லியே" என்று அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பதுதான் தேர்வின் உயிர்நாடி. நான் தலையில் அடித்துக்கொள்வேன். "நீங்க நோயாளிங்கம்மா, வாத்தியார் இல்லை" என்று கத்தியும் இருக்கிறேன். "அதுக்கில்லீங்க டீச்சர், மொகம் வாடிப் போச்சுதுங்க புள்ளைக்கு" என்பார். அவர் ஒருத்தர் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. வந்த எல்லாருமே இந்த ரகம்தான். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குத் தன்னால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை பேரும் ஒரே கட்சி. பல வாரம் படாதபாடு பட்டு, கேட்காததைச் சொல்லக் கூடாது என்று பழக்கி எடுத்தேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு இருக்கக் கற்றுக்கொண்டார். அதை என் சாதனையாக நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இன்னொரு விதியும் இருந்தது. நடிக்கும்போது நிஜமாகவே உடம்புக்கு ஏதாவது என்றால் ‘நிறுத்துங்க’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும். இந்தத் துறையில் உலகமெங்கும் உள்ள விதிதான். நானும் அதை அப்படியே எடுத்துப் பாடத்திட்டத்தில் வைத்தேன், எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு முறை ஒரு மாணவி பதற்றத்தில் ரத்த அழுத்தப் பட்டையைக் காற்றடித்து இறுக்கிவிட்டு இறக்கவே மறந்துவிட்டாள். நோயாளியாக உட்கார்ந்திருந்த பெண்மணியின் கை நீலம் பாரித்துவிட்டது, முகத்தில் சலனமே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "போச்சாதுங்க, உடுங்க, படிக்கற புள்ளை" என்று கையை உதறிக்கொண்டே சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் விதியைப் படித்துக் காட்டினேன், மறுபடியும் தலையாட்டினார்கள்.

இனி இன்னொரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். எதையும் அவசரப்பட்டுச் செய்யத் தெரியாதவள். முந்தைய தேர்வில் நோயாளி பேசப் பேச உம் கொட்டிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள், செக்லிஸ்ட்டில் பாதிக் கேள்வியை எட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. ஃபெயில். இந்த முறையும் போனால் அவள் கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அடுத்த கட்டத்துக்கு, பெரிய மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள், இவள் ஜூனியர்களோடு தங்கிவிட வேண்டும். விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழிகள் அதற்குள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, "கதை கேட்டுட்டு உக்காராதே, வரிசையாக் கேள்வியைக் கேளு, டிக் வாங்கு, வெளிய வா" என்றேன். தலையாட்டினாள்.

தேர்வு நாளில் அம்மாவுக்கு நான் எழுதியிருந்தது பித்தப்பைக் கல். வலது பக்க மேல் வயிற்றில் வலி, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அதிகம், குமட்டல். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கத்திலிருந்து அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு எங்களைத் தெரியாது. தேர்வாளர் கண்டிப்பான அம்மாள், கையில் நான் தயாரித்த செக்லிஸ்ட். அம்மா நெற்றியில் வேர்வை மினுங்க, பேச்சு அறுந்து அறுந்து வர, அசல் நோயாளியாகவே கிடந்தார். "எங்க புடிச்சீங்க இவங்களை? என்னமா நடிக்கறாங்க!" என்றார் தேர்வாளர். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தப் பெண் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பெயர், வயது, வலி எங்கே, எப்போதிலிருந்து. டிக், டிக், டிக். பிறகு நாடி பார்க்க அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கேள்வியும் வரவில்லை. மைக்கில் அவள் குரல் தாழ்ந்து கேட்டது.

"அம்மா, கை இப்படிச் சில்லுன்னு இருக்குது. இது கதையிலங்களா, நெசமாவுங்களா?"

"கதைதான் கண்ணு. நீ கேளு, கேளு."

"ஏசி போட்டிருக்குதுங்கம்மா. இதுல வேர்க்கறதுக்கு நடிக்க முடியாதுங்களே. நெஞ்சு ஏதாவது பண்ணுதுங்களா?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நேரம் ஓடுது பாரு. எண்ணெப் பலகாரம் கேக்கவே இல்லியே நீயி."

நான் பல வாரம் பாடுபட்டுப் பழக்கியதெல்லாம் போய், மறுபடி விடையை எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைக் காட்டாத கண்ணாடியின் பக்கம் திரும்பி, "நிறுத்துங்க" என்றாள்.

மாணவி நிறுத்தினால் அந்தத் தேர்வு முடியாத தேர்வாகக் கணக்காகும். கஷ்டமான கேள்வி வந்ததும் யாரும் நழுவிவிடக் கூடாது என்று அந்த விதியை எழுதியவளும் நான்தான். இவள் பயந்துபோய் நழுவுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. திட்டுவதற்கான வாக்கியம் நாக்கு நுனியில் இருக்க, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அம்மாவின் தோளைத் தொட்டேன். ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து சொதசொதவென்று இருந்தது. இடது கையைத் தூக்கச் சொன்னேன். "கனக்குதுங்க டீச்சர்" என்றார் அம்மா, ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டதுபோல.

அறையில் இருந்த கட்டிலையே தள்ளிக்கொண்டு ஓடினோம். எங்கள் கல்லூரிக்கு எதிரே மருத்துவமனை இருந்தது நாங்கள் செய்த புண்ணியம். மாரடைப்பு. ரத்தக் குழாய் ஒன்று ஏறக்குறைய முழுவதும் அடைத்திருந்தது, அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுதேன், வேறு ஒன்றுமில்லை.

மதிப்பெண் விவகாரம் அன்று மாலை வந்தது. தேர்வாளர் செக்லிஸ்ட்டை என் முன்னால் வைத்தார். மேல் பாதியில் டிக்குகள், கீழ்ப் பாதி வெறுமை. "அந்தப் பொண்ணு செஞ்சதுதான் நர்சிங். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார். "ஆனா அதுக்கு மார்க் போட இதுல எடம் எங்கே இருக்கு? நீங்களே காட்டுங்க." நான் காட்ட முடியாது. வலி இருக்கிறதா என்று கேட்டால் ஒரு மதிப்பெண் என்று போட்டிருந்தேன். நோயாளி சொன்ன பதிலை நம்பாமல் மறுபடி கேட்டால் என்ன என்று யோசித்ததே இல்லை. நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். இன்றைக்குத் தாளில் இல்லாததற்கு மார்க் போட்டால் நாளைக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் போடச் சொல்வார்கள் என்றார். அதுவும் நியாயம்தான், அதனால்தான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. முதல்வர் பல்கலைக்கழகத்தில் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். முடிக்காத தேர்வு முடிக்காத தேர்வுதான், அடுத்த முறை எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோழிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினார்கள். இவள் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து அம்மாவைப் பார்க்க நானும் அவளும் போனோம். வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அம்மாவின் கணவர் எங்களைப் பார்த்ததும் டீ வாங்கி வருகிறேன் என்று ஃபிளாஸ்க்கோடு கிளம்பிவிட்டார். அம்மா என்னை விசாரிக்கவில்லை, தன் உடம்பைப் பற்றியும் பேசவில்லை. நேராக அவளைப் பார்த்து, "பாஸாயிட்டியா கண்ணு?" என்றார்.

வழியெல்லாம் நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா. மறுக்கா எழுதோணும்."

அம்மாவின் முகம் கோணிக்கொண்டது. அந்தப் பெரிய குரல் உடைந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். "அதுக்குத்தானே கண்ணு நான் வாயத் தொறக்காம இருந்தேன். காத்தால பஸ்ஸு ஏறையிலயே ஒரு மாதிரி இருந்துச்சு. வரலீன்னா உங்களுக்கு ஆளு பத்தாதேன்னு வந்துபோட்டேன். இத்தனை நேரம் பொறுத்தவ இன்னுங் கொஞ்சம் பொறுக்க மாட்டனா? நீ கேட்டு முடிச்சிருக்கலாமல்லோ?"

ஃபெயில் என்று தெரிந்த நாளில்கூட அழாத பெண் அவள். இப்போது அழுதுகொண்டே, "முடிச்சிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க" என்று சத்தம் போட்டாள். பெரியவர்கள் முன்னால் அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. "அந்த மார்க்கை வெச்சுட்டு நான் என்னங்கம்மா பண்றது? ஆயுசுக்கும் தூங்குவனா நானு?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், மறைச்சா புள்ளைக்குத்தான் கெடுதல்னு ஒரு வார்த்தை மின்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் பஸ்ஸு ஏறும்போதே சொல்லியிருப்பனே."

டீ வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. உங்களுக்காக நிறுத்துங்கள், உங்களுக்காக நிறுத்துங்கள் என்று இத்தனை காலம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தனக்காக ஒரு வேலையை நிறுத்தச் சொல்கிற பெண்ணை நான் இந்தப் பக்கத்தில் எங்கே பார்த்தேன்? வார்டில் பார்த்ததில்லை, சொந்தக்காரர் வீடுகளில் பார்த்ததில்லை. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு பந்திக்குப் பரிமாறுகிற ஆள் நானே. எனக்கே பொருந்தாத விதியை அவர்களுக்கு எழுதி வைத்திருந்தேன்.

மறைத்தால் கெடுதல் பிள்ளைக்கு என்று விதியை மாற்றினேன். செவிலியர் பாடத்திட்டக் குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், இது மிரட்டல் அல்லவா என்றார். மிரட்டல்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்றேன். செக்லிஸ்ட்டிலும் ஒரு வரி சேர்த்தேன்: ஒன்றுமில்லை என்று நோயாளி சொன்னபின், மறுபடி கேட்டால் மதிப்பெண். அந்தப் பெண் பிறகு அதே செக்லிஸ்ட்டில் தேர்வெழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள், இப்போது ஈரோட்டில் வேலை பார்க்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அவள் அந்தத் தேர்வுக்காகக் காத்திருந்த நாட்களில் நடந்த ஒன்றை.

தோழிகள் போனபின் அவளுக்கு விடுதியில் பொழுது போகவில்லை. பொம்மை ரூமுக்கு வந்து எனக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தாள். அடுத்த தொகுதி மாணவிகளின் தேர்வுக்கு முன்னால் நடிக்க வந்த பெண்களையெல்லாம் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். நான் புதிய விதியைச் சொன்னேன். "உங்க உடம்புல நெசமா ஏதாவது இருந்து அதை நீங்க மறைச்சீங்கன்னு தெரிஞ்சா, அந்தத் தேர்வு செல்லாது. உங்ககிட்டப் பரீட்சை எழுதுற பிள்ளை ஃபெயில். அதனால இப்பவே சொல்லிடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், தனக்குப் பத்து நாளாக எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். இன்னொருவர் பிரஷர் மாத்திரை தீர்ந்து மாசமாகிறது, வாங்கவில்லை என்றார். ஒத்தாசைக்கு வந்திருந்த அந்தப் பெண் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் இருந்தவர் வயதில் இளையவர், நாற்பதுகூட இருக்காது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். அவர் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்கு மாருல ஒரு கட்டியாட்ட தட்டுப்படுதுங்க. தீவாளிக்கு மின்னாடியிருந்து இருக்குது. ஊட்டுல ஆருகிட்டயும் சொல்லலீங்க. இதைய மறைச்சாக்கூட அந்தப் புள்ள ஃபெயிலாயிருமுங்களா?"

அந்தப் பெண் கருவியை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமாங்க்கா, கண்டிப்பா ஃபெயிலாயிரும்" என்றாள். "எந்திரிங்க, எதுத்தாப்பல ஆஸ்பத்திரிக்கு இப்பவே போலாம். நானும் கூட வாரேன்."